ஒட்டுப்பால்

முழங்காலுக்குக் கீழே ஒரு பிளேட்டு, எட்டு ஸ்குரூ.
துருப்பிடிக்காத உலோகம் என்றார்கள்.
துருப்பிடிக்கவில்லைதான்.
மூன்றாம் மாதம் தையலோரத்தில்
ஒரு சின்னக் கண் திறந்து
ஒழுகத் தொடங்கியது.

குலசேகரத்தில் தந்த மாத்திரையில் காயும்.
நிறுத்தினால் திறக்கும்.
நாலு தடவை காய்ந்தது.

ஆசாரிப்பள்ளத்தில் டாக்டர் பென்சிகர்
என்ன வேலை என்று கேட்டார்.
ரப்பர் வெட்டு.
"அப்போ நான் சொல்லித்தர வேண்டாம்.
பாலெடுத்த சிரட்டையில் என்ன மிச்சம் கிடக்கும்?"
ஒட்டுப்பால்.
"வெள்ளம் ஊற்றினால் போகுமா?"
போகாது. நகம் கொடுத்து இளக்கி உரிக்கணும்.
"கிருமியும் பிளேட்டில் அப்படிப் பாடை கட்டிக் கிடக்குது.
மருந்து அதுக்க மேலே ஓடிப்போகும்.
அடியில் கிடப்பது உறங்கும்."
பாடை என்றதும்
ரெத்தினபாய் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கழற்றி எறியலாமே என்றேன்.
எலும்பு இன்னும் கூடவில்லையாம்.
கிருமி குடியிருக்கும் சுவரில்தான்
என் காலும் சாய்ந்து நிற்கிறது.

திறந்தார்கள், சுரண்டினார்கள்,
ஒன்பது லிட்டர் உப்புநீரில் கழுவி மூடினார்கள்.
எனக்கும் தெரியும் அந்தக் கை.
தடியில் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை.

பிறகு ஆறு வாரம் நரம்பில் சொட்டு.
சிரட்டையில் விழுகிற அதே வேகம்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.
காயம் உலர்ந்ததும் வெறும்வயிற்றில் சிவப்பு மாத்திரை.
"மூத்திரம் செவ்விளநீர்த் தோடு மாதிரி போகும்,
வியர்வையும் அப்படித்தான், பேடிக்காதீங்க"
என்றாள் நர்ஸ் லிட்வின்.
கண்ணீரைச் சொல்ல மறந்துவிட்டாள்.

என் முந்நூறு மரமும் இப்போது ரெத்தினபாய் வெட்டுகிறாள்.
மூணு மணிக்கு நெற்றியில் லைட்டு,
மத்தியானம் ஆசிட் நாற்றத்தோடு என் கட்டிலோரம்.
பேசிக்கொண்டே விரலிடுக்கில் ஒட்டினதை உருட்டி எடுப்பாள்.
ஷீட்டு விற்ற காசு சொசைட்டிக் கடனுக்கு.
ஒட்டுப்பால் விற்றதில்தான்
அவளுக்குப் பஸ், எனக்குச் சாயா.

தொண்ணூறு இருந்த ரத்தக் கணக்கு
பதினொன்றுக்கு வந்திருக்கிறது.
செத்துப்போச்சா டாக்டர்?
"இன்னும் மூணு மாசம் மாத்திரை நிறுத்தக்கூடாது"
என்பதுதான் பதில்.

நேற்று ராத்திரி யாருக்கும் கேட்காமல்தான் அழுதேன்.
காலையில் தலையணை உறையில்
ஆரஞ்சு வட்டம் இரண்டு.
ரெத்தினபாய் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு
மாத்திரைக்கு வெள்ளம் ஊற்றினாள்.