முதல் முப்பது நிமிடம் இலவசம்

இரவு இரண்டு பத்துக்கு வரும்.
வலது கண்ணுக்குப் பின்னால்
யாரோ கூரை ஆணியை
நிதானமாக இறக்குவார்கள்.
எனக்கு அந்த ஆணி தெரியும்;
பகலில் லபக் நகரத்துக் கூரைகளில்
நான் அடிப்பதும் அதையேதான்.

டெல்ஃபா உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக்
கண்மேல் வைத்து அழுத்துவாள்.
மார்ச்சிலிருந்து ஒரே பொட்டலம்.
உருகி, உறைந்து, உருகி,
இனி யாரும் தின்ன முடியாது.

காலையில் மேஸ்திரி கார்வின் முகம் பார்த்து
"ராத்திரி குடியா?" என்பான்.
ஆமாம் என்பேன்.
குடிகாரனுக்கு வேலை உண்டு.
தலை பிளக்கிறவனை ஏணியில் ஏற்ற மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் இல்லை.
ஸ்கேனுக்கு எவ்வளவு என்று கேட்டேன் ஒருமுறை.
ஃபோனில் அந்தப் பெண் தொகையைச் சொல்லி
"தோராயமாக" என்றாள்.
என் டிரக் அதைவிட மலிவு,
தோராயமாக.

ஆகவே டெல்ஃபா வண்டியோட்ட
ஆஸ்பத்திரிக்குப் போவோம்.
உள்ளே அல்ல.
அவசரப் பிரிவின் சிவப்பெழுத்து தெரிகிற இடத்தில்
விளக்கணைத்து நிற்போம்.
மண்டைக்குள் ஏதாவது வெடித்தால்
கதவுக்கு நாற்பத்தோரு எட்டு.
அவள் நடந்து எண்ணி வைத்திருக்கிறாள்.

முதல் முப்பது நிமிடம் இலவசம்.
இருபத்தெட்டில் வெளியேறி
ஒரு சுற்று சுற்றி
மறுபடி சீட்டெடுப்பாள்.
சில இரவுகளில் மூன்று சீட்டு.

மூன்றே முக்காலுக்கு ஆணி தானே கழலும்.
வாயெல்லாம் இரும்பு ருசி.

காவலாளிக்கு எங்கள் வண்டி பழகிவிட்டது.
நேற்று ஜன்னலைத் தட்டி
"உங்களவர் யார் உள்ளே இருக்கிறார்?" என்று கேட்டார்,
அத்தனை கனிவாக.

டெல்ஃபா என்னைப் பார்த்தாள்.
"இன்னும் இல்லை" என்றாள்.