ஸ்ராண்டுக்குக் கீழே ஒரு சிரட்டை

கேற்றில் இருந்து போர்ட்டிக்கோ மட்டும் நாற்பத்திரண்டு அடி.
உரும்பிராய்ச் செம்மண்ணில்
இப்படி ஒரு கறுப்பை ஆரும் விரித்ததில்லை.
தம்பி குலேந்திரன் விரித்தான்,
பிரம்டனில் இருந்து, காசு அனுப்பி.
"மாரிக்கு இனிச் சேறு மிதிக்கத் தேவையில்லை, அக்கா."
மாரி இங்கே இரண்டு மாதம்.
மற்றப் பத்து மாதமும் அந்தக் கறுப்புக்கு
நான்தான் காவல்.

அவன் சொல்லுவான், அங்கே
பனி விழ முதல் பூச வேணுமாம்,
உப்புத் தின்னாமல், உறைந்து வெடிக்காமல்.
எனக்குப் பனி தெரியாது.
எனக்குத் தெரிந்தது காண்டாவனம்.
பதினொரு மணிக்குத் தார் மூச்சு விடத் தொடங்கும்.
ஒரு மணிக்குச் செருப்பைப் பிடித்தால் விடாது,
கொடுத்த கடனைக் கேட்கிறவன் மாதிரி.

தபால்காரர் ஐயம்பிள்ளை
மோட்டச்சைக்கிளைச் சாய்த்துவிட்டு
ஒரு தேத்தண்ணி குடித்து வாறதுக்குள்
ஸ்ராண்ட் இறங்கி இறங்கி
சைக்கிள் மெதுவாய்ப் படுத்துவிட்டது,
மாடு படுக்கிற மாதிரி, அலட்டிக்கொள்ளாமல்.
அன்றிலிருந்து கேற்றடியில் ஒரு சிரட்டை.
ஸ்ராண்டுக்குக் கீழே அதை வைத்துவிட்டுத்தான்
வீட்டில் ஆள் இருக்கோ என்று கேட்கலாம்.
மின்சார பில் கொண்டுவாற பொடியனுக்கும் இது தெரியும்.

எண்ணெய்ச் சொட்டுக்கு மண்ணெண்ணெய் போடு என்றா
பக்கத்து வீட்டு இராசலோஜினி.
போட்டுத் தேய்த்தேன். கறை போனது.
கறைக்குக் கீழே இருந்த தாரும் போனது.
அந்த இடம் இன்றைக்கும்
சொறி பிடித்த நாயின் முதுகு.
சவர்க்காரத் தூளும் தும்புக்கட்டையும் போதும்,
அதைப் படிக்க எனக்கு ஒரு சாண் தார் செலவு.

கோரை வேறு.
பிடுங்கினால் தலை மட்டும் வரும்,
கிழங்கு கீழே இருந்து சிரிக்கும்.

இரண்டு வருசத்துக்கு ஒருக்கால்
நாவாந்துறைப் பத்திநாதன் வருவார்.
பதினாலு வருசம் டோகாவில்
ஆர் ஆரோ வீட்டு வாசலுக்குத் தார் பூசியவர்.
"பாலைவனத்தில நாங்கள் பகலில தொடமாட்டம்.
வெயில் மேல்தோலை மட்டும் காயவைக்கும்,
உள்ளுக்குப் பச்சையாய்க் கிடக்கும்.
நாலரைக்குப் பிறகுதான் வாளி திறப்பன்."
காலமையே வந்து கூட்டி,
வெடிப்புக்குள் கத்தி நுனி விட்டு
மண்ணைக் கெல்லிக் கெல்லி எடுப்பார்.
"மண்ணுக்கு மேல பூசினால் மண்தான் கறுக்கும்,
தாரில ஒட்டாது."
தடிப்பாய் ஒன்று வேண்டாமாம், மெல்லிசாய் இரண்டு.

பூசினால் ஒரு நாளும் ஓர் இரவும்
ஒருத்தரும் மிதிக்கக் கூடாது.
நாங்கள் வாழைக்குள்ளால் போய்வருவோம்.
கேற்றுக்குக் குறுக்கே கயிறு.
கயிற்றுக்குக் கீழால் இராசலோஜினியின் கோழி.
மூன்று விரல் மூன்று விரலாய் நடந்து வந்து
போர்ட்டிக்கோவில் ஏறி நின்று
என்னைப் பார்த்தது,
ஏன் ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை என்பதுபோல.

போன ஆவணி குலேந்திரன் வந்தான்.
பதினெட்டு நாள்.
வந்த மறுநாள் தன் தாரில் வெறுங்காலோடு இறங்கி
துள்ளிக்கொண்டு செம்மண்ணுக்கு ஓடினான்.
நான் சிரித்தேன். அவனும்தான்.
போகிற அன்று வான் இரண்டு மணிக்கு வந்தது.
மிளகாய்த்தூளும் ஒடியலும் பருத்தித்துறை வடையும்
அடைத்த சூட்கேஸ், முப்பது கிலோ.
இழுத்தான்.
சில்லு அமிழ அமிழ
கேற் மட்டும் இரண்டு கோடு.
தூக்கடா என்று வாய் மட்டும் வந்தது.
சொல்லவில்லை.

ஒரு கிழமை விட்டுவைத்தேன்.
பிறகு ஐப்பசி வருகுதே,
கோட்டில் தண்ணி நிண்டால் வெடிக்கும்.
பத்திநாதனைக் கூப்பிடவில்லை.
நானே மணலும் பூச்சும் குழைத்து
குந்தியிருந்து கரண்டியால் அடைத்தேன்.
நன்றாய்த்தான் அடைத்தேன்.

இந்தக் காண்டாவனத்துக்கு
அடைத்தது இளகிக் கீழே இறங்க
இரண்டு கோடும் திரும்பத் தெரியுது.
படம் எடுத்து அனுப்பினேன்.
"ஏன் அக்கா, ஒழுங்காய்ப் பூசேல்லையோ?" என்று கேட்கிறான்.

வெயில் தாழட்டும்.
நாலரைக்கு வாளி திறப்பன்.