நல்லதண்ணி

எண்பத்தொன்பதாம் ஆண்டு ரோசா பஸ்.
வங்கி வேலையை விட்ட காசில் வாங்கி
உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு,
கை கழுவ ஒரு தொட்டி வைத்தேன்.
கோண்டாவில் ஒழுங்கையில் அதற்குக் ‘கப்பல்’ என்று பேர்.
வெளியே எடுப்பதென்றால்
நாலு மதில்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேணும்.

முதலில் இருந்தது தகரத் தாங்கி.
மன்னார் போய்த் திரும்புமுன்
தேத்தண்ணியில் ஆணி ருசி.
குழாய் வாயில் சுண்ணாம்பு
பால்பல்லுப் போல முளைத்திருந்தது.
எங்கள் கிணறு கல்லைக் கரைத்துத்தான் தருகிறது.
குடிக்கிற எங்களுக்குத் தெரியாது,
பைப்புக்குத் தெரியும்.

ஆவணியில் டிலக்சன் வந்தான்.
பஸ்ஸுக்குக் கீழே மல்லாந்து கிடந்து
தகரத்தை அறுத்துக் கோடிப்புறம் இழுத்துப் போட்டான்.
எழுபது லீற்றர் நீலப் பிளாஸ்ரிக்,
பன்னிரண்டு வோல்ற் பம்பி, வளைகிற வெள்ளைப் பைப்.
‘ஃபில்ரரிலை மட்டும் கஞ்சத்தனம் பாக்காதேங்கோ அன்ரி.’
மூடியில் பெயின்ரால் எழுதினான்: நல்லதண்ணி.
டீசல் மூடியில் ஒன்றும் எழுதவில்லை.
அது மணத்திலேயே தெரியுமாம்.

பம்பி ஓடினால்
அடுத்த அறையில் ஆரோ தேங்காய் துருவுகிற சத்தம்.
இரவில் எழும்பிக் கை கழுவிக் கேட்டேன்,
தேவையில்லாமல், இரண்டு தரம்.

ஐப்பசிக் கடைசியில் கல்கரியிலிருந்து தம்பி.
சத்தியநேசனிடமும் ஒரு வண்டி,
என்னுடையதை அதற்குள் நிறுத்தலாம்.
‘உறைய முதல் தண்ணியை இறக்கு’ என்றான்.
இஞ்சை என்னடா உறையப்போகுது?
தேங்காயெண்ணெய், அதுவும் மார்கழி விடியலிலை.
‘நுளம்பு?’ என்றான்.

அது சரி.
மாரிக்கு நான் எங்கும் ஓடுவதில்லை.
மூன்று மாதம் நிற்கிற தண்ணிக்கு
ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது.

எனக்குப் பின்னேரம், அவனுக்கு விடியப்புறம்.
இரண்டு போனும் இரண்டு வண்டிகளின் சில்லில் சாய்ந்திருக்க
ஒரே நேரம் அடிமூடியைத் திருகினோம்.
என்னுடையது வாழையடிக்குப் போனது.
அவனுடையது எங்கே போனதென்று தெரியவில்லை,
இருட்டு, அவன் மூச்சுப் புகை.
என் கப்பல் வலப்பக்கம் சரிந்து நிற்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது,
போக மறுத்த இரண்டு லீற்றர் காட்டித்தந்தது.
ஜக் வைத்து உயர்த்தினேன்.
ரயர்க்கடைக் குகராசாவின் கொம்பிரசரால் ஊதினேன்.
முதலில் தொட்டிக்குழாய் இருமியது, பிறகு ஷவர்,
பிறகு காய்ந்த காற்று.
அவன் ஏதோ ரோஸ் நிறத்தில் ஊற்றினான்.
சர்பத்தோடா? என்றேன்.
‘குடிச்சாச் சாகாய். குடிக்காதை.’

நாற்பத்தொரு நிமிடம்.
காணி உறுதியின் கதை வராமல்.

கார்த்திகை மூன்று நாள் ஊற்றிய பிறகு
பி.எச்.ஐ. வந்தார், நனைந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டே ஏறினார்.
நீலத் தாங்கியைத் தட்டினார்,
வெறுங்குடத்தின் சத்தம்.
‘திறம்’ என்றார்.
நான் கொஞ்சம் நிமிர்ந்தேன்.
இறங்கி, போகிற போக்கில்,
கோடிப்புறம் ரோச் அடித்தார்.

தகரம்.
டிலக்சன் இழுத்துப் போட்டபடியே, வாயை மேலே வைத்து.
வெளிச்சத்தில் நூறு காற்புள்ளி
துள்ளித் துள்ளி இறங்கின.

நோட்டீசைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
சிரிப்பான் என்றிருந்தேன்.
அவனும் ஒரு படம் அனுப்பினான்:
வெளிஷவருக்குப் பின்னால் ஒரு எல்போ,
நீளவாக்கில் பிளந்து.
உள்ளே நின்றது
அரைக் கோப்பை தண்ணியாம்.

தகரத்தை உதைத்துக் கவிழ்த்தேன்.
போனில் அவன் இன்னும் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.
மூன்று புள்ளி துள்ளின,
நின்றன,
திரும்பத் துள்ளின.
கையில் அதைப் பிடித்தபடி நின்றேன்.
தகரத்தின் முதுகில்
மழை மறுபடி தொடங்கியது.