பழுதுக்கான காரணம்

சத்துவாச்சாரியில் நான், மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டி மேல்.
விருதம்பட்டில் இம்தியாஸ்,
யாரோ காயப்போட்ட புடவைகளுக்கு நடுவே.
இடையில் இரண்டரை கிலோமீட்டர் காற்று.
சித்திரையில் நாங்கள்தான் கட்டிக்கொடுத்தோம்,
தட்டுக்கு எதிர்த் தட்டு.

அன்றைக்கு நாற்பத்துமூன்று டிகிரி.
ஸ்பேனர் கையைச் சுட்டது.
"மைனஸ் ஐம்பத்திரண்டு" என்று அவன் சொன்னதும்
போல்ட்டை முறுக்கிவிட்டு
ஆளுக்கொரு மாடியில், போனைக் காதோடு வைத்தபடி
தர்பூசணி தின்றோம்.
வரைபடத்தில் ஆறு இருந்தது.
நான் அதன்மேல் பென்சிலால் எழுதினேன்: மணல்.

இப்போது கார்த்திகை.
ராத்திரி இரண்டு மணிக்கு இணைப்பு அறுகிறது.
ஐந்துக்கு வருகிறது.
சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வந்தவர்கள்
வரிசையில் நிற்கும் எட்டு மணிக்கு
சொல்லிவைத்தாற்போல் மறுபடி அறுகிறது.
லேப் தேவகிருபை மேடம்
சர்க்கரையையும் கிரியாட்டினினையும் துண்டுச்சீட்டில் எழுதி
ஸ்கூட்டரில் பையனை அனுப்புகிறார்.
"அவன் பாலத்து மேல போறான், போய்ச் சேர்றான்.
உங்க தட்டு எது மேல போகுது?"

கனெக்டரைக் கழற்றினேன். துருவில்லை, ஈரமில்லை.
கேபிள் புதிது. அடாப்டர் புதிது.
பக்கத்தில் எவனாவது கத்துகிறானோ என்று
சேனலை மூன்று முறை மாற்றினேன்.
இம்தியாஸ் பைனாகுலரை எடுத்தான்.
"குறுக்க கட்டடம் ஒன்னும் எழும்பலபா.
கைய ஆட்டு."
ஆட்டினேன்.
"நல்லா தெரியறே."
கண்ணுக்குத் தெரிகிறவன்
தட்டுக்குக் கேட்கவில்லை.
மைனஸ் எழுபத்தொன்பது.
எண்பத்துமூன்று.
பிறகு எண்ணே இல்லை.

அவன் போனில் ஒரே ஆரன் சத்தம்.
"இன்னா அங்க கலாட்டா?"
"பாலத்துல கூட்டம்பா. ஆத்துல தண்ணி வந்துகீது,
வண்டிய நிறுத்திட்டு படம் புடிக்கிறானுங்க."

அப்போதுதான் நேரே பார்ப்பதை விட்டுக்
கீழே பார்த்தேன்.

கரையிலிருந்து கரைக்குப் பழுப்பாய், தட்டையாய்,
விழுந்த வெயிலை விழுந்தபடி திருப்பி எறிந்துகொண்டு.
மணல் எதையும் திருப்பித் தந்ததில்லை,
போட்டதைச் சிதறடித்து விழுங்கிவிடும்.
தண்ணீர் அப்படியில்லை.
நான் அனுப்பும் ஒரே சொல்
நேரே ஒன்றாகவும்
ஆற்றில் இடறி எழுந்து ஒரு சாண் தூரம் கூடுதலாய் நடந்து
இன்னொன்றாகவும் போய்
அவன் வாசலில் தலை மோதிக்கொள்கின்றன.
மிச்சம் மௌனம்.
மட்டம் ஒரு முழம் ஏறினால் கேட்கும்,
இன்னொரு முழம் ஏறினால் செத்துப்போகும்.
இதற்கா நான் அடாப்டரைத் திட்டினேன்.

காகிதப்பட்டறையில் ஏழடிக் குழாய் வாங்கி
ஷேர் ஆட்டோக்காரனிடம் வசவும் வாங்கி
மாடியேற்றினோம், நானும் வாட்ச்மேனும்.
கிளாம்பைத் தளர்த்தி ஒவ்வொரு சாணாக மேலே.
"எண்பத்தொன்னு."
"எழுபத்திநாலு."
"அறுபத்தாறு... ஐம்பத்தெட்டு...
ஐம்பத்தஞ்சு! தொடாதே!
மூச்சுகூட வுடாதே."

மாலை, ஆபீஸிலிருந்து போன்.
"பழுதுக்கான காரணம்னு இருக்கிற இடத்துல
இன்னா எழுதியிருக்கே?
மழையா, இடியா, எலியா, அத எழுது."
"ஆறு சார்."
"ஆறாவதா? லிஸ்ட்லயே அஞ்சுதானே இருக்கு."
"பாலாறு சார்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் எண்ணே இல்லை.
"இதர" என்று போட்டுக்கொண்டார்.

வரைபடத்தில் 'மணல்' என்பதை நான் அழிக்கவில்லை.
பக்கத்தில் சேர்த்தேன்: சில வருஷம் தவிர.

இம்தியாஸ் பாலத்துக்கு வரச் சொன்னான்.
காலையிலிருந்து அவனை எண்ணாகவே கேட்டிருந்தேன்;
எண்ணெய்க் கறையோடு, கையில் இரண்டு டீயோடு நின்றான்.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
லேப் பையனும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு.
அவன் சட்டைப்பையில் இருந்த சீட்டுகள் எல்லாம்
அரைமணிக்கு முன்னரே
அவன் தலைக்கு மேலே அக்கரை போய்விட்டிருந்தன.
நாங்கள் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும்.