மொழிபெயர்ப்புக் கூலி, ஒன்பது நாள்

ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசித்தான் போனேன்.
மதியச் சாப்பாடு அவர்களுடையது.
பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள்,
விடுமுறையில் வாய் வாடகைக்கு.

டென்னஸியிலிருந்து பதினான்கு பேர்.
மஞ்சள் பனியன், எல்லார் முதுகிலும் ஒரே வசனம்.
கிருமிநாசினிக் குப்பி இடுப்பில் ஆட ஆட
வகுப்பறைச் சுவருக்கு நீலம் அடித்தார்கள்.
போன ஜூலையில் வந்தவர்கள் அடித்த பச்சை
ஜன்னலோரம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.
அதைச் சொல்வது என் வேலையில்லை.

என் வேலை:
"உங்களிடம் ஒன்றுமே இல்லை,
ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" என்று பிராடி உருகினால்
"உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்" என்று
சிச்சேவாவில் இறக்கிவைப்பது.
சில்வா ஏரிப் படகுக்காரன் செய்வதும் அதுதான்,
ஓட்டை தெரிந்தால் மூட்டையைக் குறைப்பான்.

மாலையில் பொம்மலாட்டம், பிஸ்கட்,
இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் கை தூக்குங்கள்.
மயேசோ மூன்று நாளும் தூக்கினான்.
மூன்று நாளும் நோட்டில் ஒரு கோடு விழுந்தது.
கணக்கு டீச்சர் நான்,
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி நாள், சாட்சிக் கூட்டம்.
வெயிலில் தகரக் கூரை டக்கு டக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தது.
மெரிட் எழுந்தாள், பதினாறு வயது,
மூக்குத் தோல் உரிந்திருந்தது.
எழுதிவந்த தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்,
அதற்குமேல் அது மடியவில்லை.

"போன வருஷம் என் தம்பி செத்துப்போனான்.
அதிலிருந்து எனக்கு ஜெபம் வருவதில்லை.
இங்கே போனால் வரும் என்றார்கள்.
வரவில்லை."

வாலிபர் ஊழியத் தலைவர் என்னைப் பார்த்தார்.
நாலு வாக்கியம்தான்.
தேய்த்துத் தேய்த்து ஸ்தோத்திரமாக்கிவிடலாம்,
எட்டு நாளாகக் கை பழகிய காரியம்.

அப்படியே சொன்னேன்.
செத்துப்போனான் என்பதைக்கூட
கர்த்தருக்குள் உறங்கினான் ஆக்காமல்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.
மூன்றாவது பாயிலிருந்து நமலோம்பா,
உசிப்பா மீன் விற்பவள், அவளுக்கு நான் இன்னும் கடன்,
"பையன் பேர் என்ன, கேள்" என்றாள்.

எல்லிஸ்.

"எலிசி" என்றாள் நமலோம்பா.
எலிசி, என்றது பின்வரிசை.
எலிசி, கதவோரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்.
எங்கள் ஊர் வாயில் அதுவரை படாத பெயர்.

பிறகு அவள் எழுந்து போய்
மெரிட்டின் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள்.
துக்க வீட்டில் உட்காருவதுபோல
பெண்கள் சுற்றிலும் கால் நீட்டி அமர்ந்தார்கள்.
மஞ்சள் பனியன்களில் ஒன்று செல்போனைத் தூக்கியது,
என்ன நினைத்ததோ, இறக்கிக்கொண்டது.
அந்த அரைமணி நேரம்
எனக்கு வேலையே இல்லை.

கலைந்துபோகையில் நமலோம்பா நேரே தலைவரிடம் கேட்டாள்:
"இந்தப் பிள்ளையை இவ்வளவு தூரம் ஏற்றி அனுப்பினீர்களே,
கூட உட்கார அங்கே ஆளில்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார், சிரித்த முகமாக.

"வந்ததற்கு நன்றி என்கிறாள்" என்றேன்.

மறுநாள் உறையில் பேசியதற்கு மேலே இருபது டாலர்.
எதற்கென்று எழுதவில்லை.
கடைத்தெருவில் மாற்றி மீன்கடனை அடைத்தேன்.

ஈரக்கையால் எண்ணி முடித்து,
நமலோம்பா தலை நிமிராமல் கேட்டாள்:
"அந்த ஆள் என்ன பதில் சொன்னார்?"

பஸ் வந்துவிட்டது, என்றேன்.