இடது காலுக்கு வேலை

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.
ஒரே மஞ்சள், அதே இரண்டு இருக்கை,
தரையை முகர்வது போல் தாழ்ந்த அதே மூக்கு.
ஒன்றில் மூன்று பெடல். மற்றதில் இரண்டு.
அவ்வளவுதான் மேடம் வித்தியாசம் என்கிறான் கோவர்த்தனன்.
ஒரு லட்சத்து எழுபதாயிரமும் வித்தியாசம் இருக்கிறது.
அதை அவன் இன்னும் சொல்லவில்லை.

ஆட்டோமேட்டிக்கை முதலில் ஓட்டினேன்.
கிரீன் சர்க்கிள், சாயங்காலம் ஆறு பத்து.
ஓட்டினேன் என்பது பெரிய வார்த்தை.
கொய்யா வண்டி தள்ளுகிறவள்
என்னை இரண்டு முறை முந்திப் போனாள்.
பிரேக்கை விட்டால் ஊர்கிறது, மிதித்தால் நிற்கிறது.
இடது கால் மேட்டின் மேல் சும்மா கிடந்தது,
கல்யாண வீட்டில் யாரும் வேலை சொல்லாத
மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி.
நாற்பது நிமிஷம். முட்டி வலிக்கவில்லை.
ஐம்பத்திரண்டு வயதில் இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

மற்றதை மறுநாள் விடிகாலையில்,
கணியம்பாடி தாண்டி அமிர்தி போகும் சாலையில்.
முதல் மேட்டிலேயே அணைந்துபோனது.
பின்னால் பால் வண்டிக்காரர்
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.
அதுதான் கூடுதல் வெட்கம்.
இரண்டாம் முறை
கிளட்சை மெல்ல, இன்னும் மெல்ல விட்டபோது
எங்கோ ஓரிடத்தில் வண்டி சிலிர்த்தது,
என் உள்ளங்காலுக்குள்.

அந்த இடம் எனக்குத் தெரியும்.

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில்.
இருபத்தாறு வருஷம்.
என் இயந்திரத்திலும் ஒரு குமிழ் உண்டு.
இப்படித் திருப்பினால்
நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு, பிசகாமல்,
அதுவே பார்த்துக்கொள்ளும்.
அப்படித் திருப்பினால்
கறுப்பு ரப்பர் பை என் கைக்கு வரும்.
ஒவ்வொரு மூச்சையும் நான் பிசைந்து அனுப்ப வேண்டும்.
நெஞ்சு லேசாக இறுகினாலும்
திரையில் எண் மாறுவதற்கு முன்
உள்ளங்கை சொல்லிவிடும்.

அப்படியானால் கியர் வண்டிதான் என்பீர்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி
எஞ்சின் அலறி
ஜவ்வாது மலை ஒரு முறை
கண்ணாடியில் சுழன்று நிமிர்ந்தபோது.

ஆனால் பேர்ணாம்பட்டுப் பையன் ஒருவன் இருந்தான்.
முதுகெலும்பு ஆபரேஷன், ஒன்பது மணிநேரம்.
மூச்சை இயந்திரத்திடம் விட்டிருந்தேன்.
கை சும்மா இருந்ததால்தான்
துணியை விலக்கி எட்டிப் பார்த்தேன்:
தோளில் தடிப்பு ஏறிக்கொண்டிருந்தது.
பையைப் பிசைந்துகொண்டிருந்தால்
குனிந்தே இருக்க மாட்டேன்.
இப்போது அவன் ஆம்பூரில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறானாம்.

தானாக நடப்பதைக் குறை சொல்ல
என் வாய் வரவில்லை.
மலையில் அது உங்களைவிட வேகமா கியர் மாத்தும் மேடம்
என்கிறான் கோவர்த்தனன். மாற்றும்தான்.

எண்ணிப் பார்த்தால்
என்னைத் திரும்ப இழுத்தது அந்தச் சிலிர்ப்பு இல்லை.
அணைந்துபோனதுதான்.

என் அறையில் எதுவும் அணையக் கூடாது.
அரை நொடி கூட.
அங்கே ஒரு பால் வண்டிக்காரர் காத்திருக்க முடியாது.
இங்கே நான் தப்பு செய்தேன்,
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது,
புளியமரத்தில் ஏதோ பறவை கத்தியது,
பொத்தானை அழுத்தினேன், மறுபடி உயிர் வந்தது.
யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.
யாருடைய அம்மாவும் வெளியே பெஞ்சில் இல்லை.

மூன்று பெடலைக் கேட்டேன்.
ரீசேல் கம்மியா போகும் என்றான்.
முட்டியும் கம்மியாகத்தான் போகும் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தான்.

கடை வாசலில் இருந்து ரோட்டுக்கு ஏறும் சின்ன மேடு.
அங்கேயே அணைத்தேன்.
தண்ணீர் லாரி பின்னால் வந்து
அடி அடியென்று ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.