நாலு நாற்பது

என் காலை ராகத்துக்குத் திரை போட வேண்டும்.
ஜன்னலில் ஒரு கறுப்புத் துணி, கதவில் இன்னொன்று.
எட்டரை மணிக்கு வண்ணாரப்பேட்டையில்
நானே செய்துகொள்ளும் இரவு.

மாடி வீட்டு வைஜெயந்தி
வங்கிக்குக் கிளம்புமுன் வயலினை எடுப்பாள்.
அவளுக்கு அது விடியல், எனக்குத் தாலாட்டு.
நீலாம்பரி கேட்டால் டியூட்டி ஞாபகம் வரும்;
பௌளியில்தான் கண் சொருகும் எனக்கு.

படிக்கட்டில் ஒருநாள் சொன்னாள்:
பூபாளத்துக்கும் பௌளிக்கும்
ஏறும்போது ஒரே ஒரு காந்தாரம்தான் வித்தியாசம்.
சின்னக் காந்தாரம் என்றால் இன்னும் இருட்டு.
பெரிய காந்தாரம் என்றால்
கோலப்பொடி கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்.
சினிமாவில் அவ்வளவு பார்க்க மாட்டார்கள்,
ஒரு புல்லாங்குழல், ஒரு சேவல்,
ஈரத் தலையோடு ஒரு கதாநாயகி,
சூரியன் வந்துவிடும்.
அதில் பாதியை
ராத்திரி பதினொரு மணிக்குக் கோடம்பாக்கத்தில்
ஏசி குளிரில் வாசித்திருப்பார்கள் என்றாள்.
எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.
நைட் ஷிஃப்ட்காரர்கள் செய்த காலை.

ஆண்கள் வார்டு, பதினேழாம் கட்டில்.
தெய்வசிகாமணி, வயது ஐம்பத்திரண்டு,
மின்ட் பக்கம் பால் பூத்.
மூன்று இருபதுக்கு மானிட்டர் நேர்கோடு போட்டது.
டாக்டர் வந்தார், பார்த்தார், எழுதினார்.
ஊசியை உருவினேன். ட்யூபை எடுத்தேன்.
தாடையைக் கட்டினேன்,
கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு.
வெளியே பெஞ்சில் அவர் மனைவி சௌந்தரி
யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.
யாரும் எடுக்கவில்லை.
ஊர் தூங்குகிற நேரம்.

நாலு நாற்பது.
தலையணைக்கடியில் புல்லாங்குழல்.

ஏதோ பழைய படப் பாட்டின் முகப்பு.
ச ரி க என்று படியேறி
மத்திமம் இருக்க வேண்டிய இடத்தை
ஒரே தாவாகத் தாவிப் பஞ்சமத்தில் நிற்கிறது.
சின்னக் காந்தாரம். எனக்கே தெரிந்தது.
பதினாறாம் கட்டில் எழுந்து உட்கார்ந்து
பிரஷ்ஷைத் தேடியது.
பதினெட்டு, "சிஸ்டர், விடிஞ்சிருச்சா?" என்றது.
என் உடம்போ, பழக்க தோஷம்,
வாய் பிளந்து கொட்டாவி விட்டது.
இறந்தவர் முகத்துக்கு நேரே.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன், நின்றது.
பத்து நிமிடத்தில் மறுபடி.
சௌந்தரி உள்ளே வந்தார். அழவில்லை.
"பதினோரு வருசமா இதான் சிஸ்டர்.
இதுக்கெல்லாம் அது எந்திரிக்காது.
நான்தான் எந்திரிச்சு எழுப்புவேன்."
சொல்லிக்கொண்டே, கைப் பழக்கத்தில்,
அவர் தோளை இரண்டு தட்டு தட்டினார்.
பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு அது மூன்றாம் முறை பாடியபோது
அணைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.
நானும் கை நீட்டவில்லை.
குழல் முடிந்தது, கொஞ்சம் வீணை,
பிறகு ஒரு குரல்.
சௌந்தரி நிமிர்ந்து பார்த்தார்.
"ஆம்பளப் பாட்டா இது?
புல்லாங்குழலோடயே நிறுத்திடுவேன்,
பாட்டு வரைக்கும் விட்டதே இல்ல."

பல்லவி இரண்டு முறை.
ஜன்னலில் இன்னும் இருட்டுதான்.
ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டபடி வந்தது.

எட்டரைக்குக் கறுப்புத் துணியை இழுத்தேன்.
மேலே குக்கர் விசில், நாற்காலி இழுபடும் சத்தம்,
வைஜெயந்தி சுருதி சேர்த்தாள்.
தூக்கம் வராது என்றுதான் படுத்தேன்.
வந்தது, நன்றாகவே வந்தது.
பெரிய காந்தாரம் வரை கூட நான் இருக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு
காபிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து
பாக்கெட்டைக் கையில் எடுத்தபோதுதான்:
விடிகாலை வண்டிக்காரன்
பூட்டின பூத் வாசலில் இறக்கிவிட்டுப் போன டப்பாக்களை
இன்று யார் உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள்?